கவிதை எழுதும் மகளும் பெரியப்பாவின் மெடிசின் கணக்கும்

அயர்லாந்தின் லிமெரிக்கில் நர்ஸாக வேலை பார்க்கும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் லீவிங் செர்ட் என்னும் பள்ளி இறுதித் தேர்வு ஆண்டில் இருக்கிறாள். நன்றாகப் படிப்பவள். ஆங்கிலத்திலும் ஐரிஷிலும் கவிதை எழுதுகிறாள். கல்லூரி இடங்களைப் பொதுவாக ஒதுக்கும் சி.ஏ.ஓ. அமைப்புக்கான விண்ணப்பத்தில் இலக்கியம்தான் போடுவேன் என்று நிற்கிறாள். டப்ளினில் இருக்கும் பெரியப்பாவோ, "இந்த மார்க்கை வைத்துக்கொண்டு மெடிசின் போடாமல் இருப்பது பைத்தியக்காரத்தனம். இங்கே கிடைக்காவிட்டால் பல்கேரியாவுக்கு அனுப்பு" என்கிறாராம். எழுத்தை நம்பினால் பிள்ளை பட்டினி கிடப்பாளோ என்று அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

பயம் நியாயம்தான் அம்மா. கவிதைத் தொகுப்பு விற்ற காசில் வீட்டு வாடகை கட்ட அயர்லாந்தில் முடியாது. இதைப் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் பெரியப்பாவின் கணக்கிலும் பெரிய ஓட்டை இருக்கிறது.

தகுதியுள்ள மாணவருக்கு முதல் பட்டப்படிப்பின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் ஒரு படிப்பில் ஓராண்டு இருந்துவிட்டு, பிடிக்காமல் வேறொன்றில் மறுபடி முதலாண்டு சேர்ந்தால், பொதுவாக அந்த ஆண்டுக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும். பல்கேரியா என்றால் முதல் நாளிலிருந்தே எல்லாம் உங்கள் பணம். பாதியில் திரும்பி வந்தால் போனது போனதுதான். இன்னொன்று: சி.ஏ.ஓ. பட்டியலில் மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை கணக்கிலேயே வராது. பெரியப்பாவின் மனம் நோகக் கூடாதென்று மெடிசினை முதலில் போட்டு, அது கிடைத்தும் விட்டால்? அவள் கேட்ட படிப்பு அங்கேயே அடிபட்டுப் போகும். மெடிசினுக்கான ஹெச்-பேட் நுழைவுத் தேர்வை அவளாகக் கேட்டால் எழுதட்டும், உறவுக்காக வேண்டாம்.

டிரன் நீ க்ரீஃபா என்ற கவிஞரை உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். அவரும் ஐரிஷ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதுபவர். கல்லூரியில் பல் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, விட்டுவிட்டு வந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் கொலையுண்ட கணவனுக்காக ஒரு பெண் பாடிய ஒப்பாரியைத் தேடிப்போய் அவர் எழுதிய நூல், 2020இல் அயர்லாந்தின் ஆண்டுப் புத்தக விருதை வாங்கியது. எல்லோரும் அவராகிவிட முடியாது, சரி. ஆனால் அவர் பல் மருத்துவத்தை விட்ட நாளில் அந்த வீட்டில் ஒரு பெரியப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இப்போது சோற்றுக்கு வருவோம். ஆசிரியர் வேலை, அரசு வேலை என்று உங்களுக்கே தெரிந்த வழிகளை நான் சொல்லத் தேவையில்லை. இங்கே கவிஞர்கள் உண்மையில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் நம் வீடுகளுக்குத் தெரியாத விஷயம். அது ஒற்றைச் சம்பளம் இல்லை, பலசரக்குக் கடை.

பேட் போரனைப் பாருங்கள். 1963இல் போர்ட்லீஷில் பிறந்தவர். கவிதை எழுதுகிறார். 2005இலிருந்து டெடலஸ் பிரஸ் பதிப்பகத்தை நடத்தி மற்றவர்களின் கவிதையைத் திருத்தி அச்சில் கொண்டுவருகிறார். வானொலியில் கவிதை நிகழ்ச்சி நடத்தியவர், டப்ளின் எழுத்தாளர் விழாவின் நிகழ்ச்சிகளை அமைத்தவர், எழுத்துப் பட்டறைக்கென்றே ஒரு கையேடு எழுதியவர். பாலா மீஹன் இன்னொரு மாதிரி. டப்ளின் உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்து, சிறைகளிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் பல்கலைக்கழகத்திலும் கவிதை சொல்லிக்கொடுத்தவர். மேடை நாடகங்களும் எழுதினார். 2013 முதல் 2016 வரை அயர்லாந்தின் கவிதைப் பேராசிரியர் பதவி அவரிடம் இருந்தது.

இருவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: எழுத்துப் பட்டறை. நான் உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். பொயட்ரி அயர்லாந்து அமைப்பு எழுத்தாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பள்ளி ஒரு பங்கு கொடுக்கும், மீதி பொதுநிதியிலிருந்து வரும். சிறைகளுக்கும் இப்படியொரு திட்டம் உண்டு. கவுன்டி கவுன்சில் ஒவ்வொன்றிலும் கலை அலுவலர் இருக்கிறார். நூலகங்களும் கல்லூரிகளும் சில மாதங்களுக்கு ஓர் எழுத்தாளரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துவதுண்டு. பாதி நேரம் ஊராருக்கு, பாதி நேரம் சொந்த எழுத்துக்கு என்று போகும் வேலை அது. இதற்கெல்லாம் பிரசுரமான எழுத்து வேண்டும். குழந்தைகளிடம் போக கார்டா, அதாவது காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேனாவைத் தொடப் பயப்படும் இருபது பேரை ஒன்றரை மணி நேரத்தில் எழுத வைக்கும் கை வேண்டும். கவிதை எழுதத் தெரிந்த பலருக்கு அது வராது. ஆனால் பழகினால் வரும். டப்ளினில் நாவலாசிரியர் ராடி டாய்லும் ஷான் லவ்வும் 2009இல் தொடங்கிய ஃபைட்டிங் வேர்ட்ஸ் மையத்தில் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கதையை ஆரம்பிப்பார்கள், முடிவை ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள். கட்டணம் கிடையாது, தன்னார்வலர்களை வைத்து நடக்கிறது. ஒரு விடுமுறையில் அவள் போய்ப் பார்க்கட்டும். கூட்டத்தைப் பார்த்தாலே ஒதுங்குகிற பெண் என்றால் இந்த வழி வேண்டாம், பதிப்பக வேலை பார்க்கலாம். அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

பட்டறைக் காசுக்குப் பக்கத்தில் சில்லறை வரவுகளும் சேரும். நாட்டின் பொது ஒலிபரப்பான ஆர்டிஈ வானொலியின் ஞாயிறு காலை நிகழ்ச்சிக்கு யாரும் கட்டுரை அனுப்பலாம், எடுத்துக்கொண்டால் பணம் உண்டு. நூலகத்தில் புத்தகம் இரவல் போனாலும் சிறு தொகை வரும். 1969இல் வந்த சட்டத்தின்படி படைப்பிலிருந்து வரும் வருமானத்துக்கு, இப்போது ஆண்டுக்கு 50,000 யூரோ வரை, வருமான வரி கிடையாது. பட்டறைக் கூலிக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு முறையாகக் கணக்கு வைத்து வரி கட்டியாக வேண்டும். கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுத்த அடிப்படை வருமானத் திட்டத்தைப் பற்றி அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். 2022இல் அது 2,000 பேருக்குக் குலுக்கல் முறையில் கிடைத்தது. குலுக்கலை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது.

இனி மகளுக்குக் கொஞ்சம் கண்டிப்பு. 'படைப்பெழுத்து' என்று பெயர் போட்ட பட்டம் கால்வேயிலும் டப்ளினிலும் இருக்கிறது. நல்ல படிப்புகள்தான். ஆனால் அங்கே அறை வாடகை உங்கள் குடும்பத்தைக் கசக்கிவிடும். லிமெரிக் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். பட்டறை நடத்தக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது பிரசுரமான எழுத்தையும் அனுபவத்தையும். பட்டத்தின் பெயரை வைத்து யாரும் அழைப்பதில்லை. படித்து முடித்ததும் எழுத்துக்கென்று முதுகலை சேரக் கடன் கேட்டால், கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் வேலை பார்த்து, இதழ்களில் எழுதி, உதவித்தொகையோடு போகட்டும். மே கடைசியில் கெர்ரியின் லிஸ்டோவலில் எழுத்தாளர் வாரம் நடக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் என்பதால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் தன்னார்வலராகப் போகலாம்.

சி.ஏ.ஓ.வுக்கு வழக்கமான கடைசி நாள் பிப்ரவரி 1. பெரும்பாலான படிப்புகளின் வரிசையை ஜூலை 1 வரை மாற்றலாம். ஆனால் மெடிசின் வேண்டுமென்றால் பிப்ரவரி 1க்குள்ளேயே பட்டியலில் இருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. அதனால் பெரியப்பாவிடம் பேச வேண்டியதை ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். அவள் இல்லாத நேரத்தில் பேசாதீர்கள், பக்கத்தில் உட்கார வையுங்கள். இலவசக் கட்டணத்துக்குக் குடியுரிமையும், கடந்த 5 ஆண்டுகளில் 3 ஆண்டு வசிப்பும் பார்ப்பார்கள். நீங்கள் வேலை பெர்மிட்டில் இருக்கிறீர்களா, குடியுரிமை வாங்கிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. மகளின் நிலை எதில் வரும் என்று கல்லூரிக் கட்டண அலுவலகத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.