டெய்லரின் கடிகாரம்: சில கேள்விகள், சில பதில்கள்

(பின்னலாடைத் தொழிற்சாலைகளில் ஐ.ஈ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவில் பல வருடம் நேரம் அளந்து திரிந்தவன் நான். அந்தத் தொழிலுக்கு வித்திட்ட அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

சார், அறிவியல் மேலாண்மை என்றால் பரீட்சைக்குப் படித்த நான்கு கொள்கைகள்தான் ஞாபகம். சுருக்கமாக என்ன அது?

நான்கையும் மறந்தாலும் பாதகமில்லை. யோசிப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். அவ்வளவுதான். பெயர் டெய்லர் என்றாலும் மனிதர் ஊசி பிடித்தவர் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் மிட்வேல் இரும்பாலையில் 1878-இல் சேர்ந்து, ஃபோர்மேன் ஆனவர். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைப் பார்த்தார். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கூடுதலாகச் செய்து காட்டினால் முதலாளிகள் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கான கூலியை, குறைத்துவிடுவார்கள் என்று அனுபவத்தில் தெரியும். தொழிலாளிகள் கையில் இருந்த தொழில் நுணுக்கத்தைக் கடிகாரம் வைத்து அளந்து அலுவலகத்துத் தாளில் ஏற்றுவதுதான் டெய்லர் கண்ட வழி.

டெய்லர் சொன்ன, இரும்புக் கட்டி தூக்கிய 'ஷ்மிட்' கதை உண்மையா?

ஆள் உண்மை. நிஜப் பெயர் ஹென்றி நோல். 1899-இல் பெத்லஹேம் இரும்பாலையில் வேலை பார்த்தவர். ஒரு கட்டி 92 பவுண்டு, ஏறக்குறைய 42 கிலோ. ஒரு நாளுக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் 47.5 டன் ஏற்ற வைத்தேன் என்று டெய்லர் 1911-இல் வந்த தன் நூலில் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. வேலை நாலு மடங்கை நெருங்குகிறது, கூலி இரண்டு மடங்குகூட இல்லை.

ஆனால் எனக்கு உறுத்துவது கூலி அல்ல, நாளுக்கு இத்தனை டன் என்று இலக்கை முடிவு செய்த விதம். வலுவான பத்துப் பேரை முழு வேகத்தில் ஏற்றச் சொன்னார்கள். பத்துப் பேரும் சேர்ந்து 14 நிமிடத்தில் 16.5 டன். நாள் முழுக்க அதே வேகம் என்று பெருக்கினால் ஆளுக்கு 71 டன் வரும். அதை 75 என்று வைத்துக்கொண்டு, ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 சதவீதம் கழித்து, 45 டன் என்று முடித்தார்கள். ஏன் 40? ஏன் 30 இல்லை, 55 இல்லை? அறிவியல் உட்கார வேண்டிய நாற்காலியில் குத்துமதிப்பு உட்கார்ந்திருக்கிறது.

அண்ணா, திருப்பூர்ல ஆபரேட்டரா இருக்கேன். மணிக்கு இத்தனை பீஸ்னு டார்கெட் போடறாங்களே, 'சாம்' கணக்குன்னு... அதுவும் இவர் வேலைதானா?

அதே வம்சம்தான் தம்பி. 'சாம்' என்பது ஒரு பீஸுக்கு இத்தனை நிமிடம் என்று வைக்கும் கணக்கு. கடிகாரம் டெய்லருடையது, கை அசைவுகளை எண்ணியது கில்பிரெத் தம்பதி. செங்கல் அடுக்க ஃபிராங்க் கில்பிரெத் 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்தார். கொத்தனார் குனியாதபடி செங்கலைக் கை எட்டும் உயரத்தில் வைத்ததே பாதி வெற்றி. இது நல்ல வேலை, மறுக்க மாட்டேன்.

சிக்கல் எங்கே என்றால், அளந்த நேரத்தோடு இரண்டு விஷயம் சேரும். ஒன்று ரேட்டிங்: 'இவர் சாதாரண வேகத்தில் செய்கிறாரா' என்று பார்ப்பவர் கண்ணால் போடும் மதிப்பு. இன்னொன்று அலவன்ஸ்: ஓய்வுக்காகச் சேர்த்துத் தரும் கூடுதல் நேரம். என் முதல் வேலையில், லைனிலேயே கெட்டிக்காரப் பெண்ணைக் காலை பத்து மணிக்கு அளந்துவிட்டு, அதையே எல்லோருக்கும் எழுதச் சொன்னார் மேலாளர். எழுதினேன். மதியம் மூன்று மணிக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் அழுததையும் பார்த்தேன்.

எதிர்ப்பே வரவில்லையா?

வந்தது. 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் ஒரு வார்ப்புத் தொழிலாளி கடிகாரத்தின் முன் வேலை செய்ய மறுத்தார், வேலை போனது, மற்றவர்களும் வெளியேறினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் டெய்லரையே அழைத்து விசாரித்தது. 1915-இல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் அளவீட்டுக்குப் பணம் செலவிடக் கூடாது என்று தடையும் போட்டது.

லெனினுக்குப் பிடிக்கும் என்கிறார்களே?

1914-இல் திட்டினார், 1918-இல் நாமும் முயன்று பார்க்க வேண்டும் என்றார். இடையில் ஆட்சி கைக்கு வந்திருந்தது.

இப்போது கிடங்கு வேலையில் ஸ்கேனரே எங்களை அளக்கிறது. இதற்கு என்ன வழி?

கலிஃபோர்னியாவில் 2021-இல் ஒரு சட்டம் வந்தது. பெரிய கிடங்குகள் தம் இலக்கை எழுத்தில் தர வேண்டும். கழிப்பறைக்குப் போகவிடாத இலக்கு செல்லாது. இங்கே அதைக் காட்டி எதுவும் நடக்காது, சரி. ஆனால் சூப்பர்வைசரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: யாரை அளந்தீர்கள், எந்த நேரத்தில், அலவன்ஸ் எத்தனை சதவீதம்? தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போங்கள்.