நெகட்டிவில் கோடு, கையில் பில் இல்லை

பழைய 4x5 அங்குல கேமரா வாங்கலாமா என்று சென்ற முறை ஒருவர் கேட்டார், தாராளமாக வாங்குங்கள் என்று எழுதினேன். அந்த வாய்க்கொழுப்புக்கு இந்த முறை தபால் முழுக்க கறை, கோடு, புள்ளி. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கீழக்கரை வாசகர்: கழுவிக் காயப்போட்ட ஷீட் பிலிமில் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் பிலிம்) வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். பிலிம் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?

கம்பெனி பாவம், விட்டுவிடுங்கள். கடைசியாக எந்தத் தண்ணீரில் அலசினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. போர் தண்ணீர்தானே? நம் கடலோரத்து உப்புத் தண்ணீர் குடத்திலேயே வெள்ளைப் படிவு விடும்போது பிலிமில் விடாதா? அந்த நெகட்டிவ்களை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 5 மில்லி போட்டோ-ஃப்ளோ (தண்ணீர் திட்டாக நிற்காமல் வழியவைக்கும் திரவம்) கலந்து, அதில் அரை நிமிடம் முக்கித் தொங்கவிடுங்கள். நுரை வந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், அதுவும் தடம் விடும். இதே உப்புக்காகக் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கியவன் நான். இப்போது அது ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ராமேஸ்வரம் வாசகி: வெளியூர்க் கடை ஒன்றில் ஆறு பழைய ஹோல்டர்கள் (ஷீட் பிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் மாட்டும் தட்டைப் பெட்டி) வாங்கினேன். "நல்ல கண்டிஷன், கேரண்டி" என்றார்கள். எல்லா நெகட்டிவிலும் ஓரத்தில் கறுப்புக் கோடு. திருப்பி எடுக்கச் சொன்னால், "பழைய சாமானுக்குப் பில்லும் கிடையாது, ரிட்டர்னும் கிடையாது" என்கிறார்கள்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. நெகட்டிவில் கறுப்பு என்றால் அங்கே வேண்டாத வெளிச்சம் பட்டிருக்கிறது. அது ஹோல்டர் வழியாக வந்ததா, கேமரா வழியாக வந்ததா என்பதை முதலில் பிரித்துவிடுங்கள், அதுதான் உங்கள் சாட்சி. ஹோல்டர்களுக்கு எண் போடுங்கள். ஒன்றில் பிலிம் போட்டு, கேமராவில் மாட்டாமல், டார்க் ஸ்லைடை (பிலிமை மூடியிருக்கும் தகடு) இழுக்காமல், வெயிலில் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பி வைத்துக் கழுவுங்கள். கோடு வந்தால் ஹோல்டர்தான்: ஸ்லைடு நுழையும் வாயில் உள்ள வெல்வெட் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்லைடு விரிந்திருக்கும். கோடு வராவிட்டால் கேமராவில் மாட்டி, ஷட்டரைத் திறக்காமல் ஸ்லைடை மட்டும் இழுத்து, அதே ஐந்து நிமிடம். அப்போது வந்தால் பெல்லோஸில் (கேமராவின் மடிப்புத் துருத்தி) ஓட்டை, அல்லது ஹோல்டர் சரியாகப் பொருந்தவில்லை. பெல்லோஸ் என்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஹோல்டர்தான் என்றால் விடாதீர்கள். இந்த "பில் கிடையாது" என்ற பாட்டை முப்பது வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மிக்ஸி கடை, வலைக் கடை, செருப்புக் கடை, எங்கே போனாலும் துண்டுக் காகிதத்தில் தொகையைக் கிறுக்கி நீட்டுகிறார்கள், நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எழுதியிருந்தால் அதற்குள், எழுதாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். "விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது" என்று சுவரில் பெயின்ட் அடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. அதனால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் "கேரண்டி" என்று எழுதிய மெசேஜ், சோதனை நெகட்டிவ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். பணம் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தொண்டி வாசகர்: பிரிண்டில் வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. லென்ஸை மாற்றவா?

வேண்டாம். படம் எடுக்கும்போதே பிலிம் மேல் தூசி இருந்திருக்கிறது. தூசி மறைத்த இடம் நெகட்டிவில் வெறுமையாக நிற்கும், பிரிண்டில் கறுக்கும். தனுஷ்கோடி மணல்காற்றில் நின்றுகொண்டு ஹோல்டரை மாற்றினால் வேறென்ன நடக்கும்? முப்பது ரூபாய் பிரஷ் ஒன்று வாங்குங்கள்.

ராமநாதபுரம் வாசகர்: பாதி விலைக்கு மூன்று பெட்டி பிலிம் வாங்கினேன். தேதி அச்சிட்ட இடத்தில் ஸ்டிக்கர். நெகட்டிவ் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது.

ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுமா மூன்று பெட்டி? ஒன்றை வாங்கிக் கழுவிப் பார்த்திருக்கக் கூடாதா? பழைய பிலிம், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில் கிடந்த பிலிம், வெளிச்சமே படாமலும் மூட்டம் போடும். கழுவிச் சரிசெய்ய வழியில்லை. தேதியை மறைத்து விற்றவர்மேல் புகார் கொடுங்கள், அது உங்கள் உரிமை. மிச்சப் பெட்டிகளை வேறொருவர் தலையில் கட்டாதீர்கள்.

பாம்பன் வாசகர்: தண்ணீர் கஷ்டம். பிலிமைக் கடல் தண்ணீரில் அலசினால் கெட்டுவிடுமா?

கெடாது. ஹைப்போ (பிலிமில் படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீரில் சீக்கிரமாகவே வெளியேறும். மணலில்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உப்பு பிலிமில் தங்கக்கூடாது, கடைசி ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி அலசுங்கள். ஒரு குடம் போதும்.