வாசகர் கேள்வி – பதில்: வெல்டிங் கண்ணாடியில் நீண்ட நேரப் படங்கள்

கேள்வி: பட்டப்பகலில் அருவியையும் அலையையும் புகைபோலத் தெரியும்படி படம் எடுக்க விரும்புகிறேன். அதற்கான என்.டி. ஃபில்டரை (நிறத்தை மாற்றாமல் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) வாங்க வசதியில்லை. வெல்டிங் கண்ணாடியை லென்ஸின் முன்னால் வைத்தாலே போதும் என்கிறார்களே, உண்மையா? எந்த எண் கண்ணாடியை வாங்குவது?

பதில்: உண்மைதான். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப்/16 என்று வைத்தால் ஷட்டர் வேகம் (ஒளி பதிவாகும் நேரம்) ஏறத்தாழ 1/100 நொடியாக அமையும். அலையின் நுரை புகையாக மாறுவதற்குச் சில நொடிகளும், மேகம் இழுபட்டுத் தெரிவதற்கு ஒரு நிமிடம் அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். அப்பெர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கினாலும் 1/50 நொடிதான் கிடைக்கும். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைவதால் படத்தின் கூர்மையும் குறைந்துவிடும். ஆகவே உள்ளே வரும் ஒளியையே குறைத்தாக வேண்டும். என்.டி. ஃபில்டர் செய்வது அந்த ஒரு வேலையைத்தான். வெல்டிங் கண்ணாடியும் அதைச் செய்யும், நிறத்தை மட்டும் கெடுத்துவிடும்.

எண் கூடக்கூட இருட்டும் கூடும். கணக்குப்படி 5-ஆம் எண் கண்ணாடி ஒளியை ஏறத்தாழ 50 மடங்கும், 8-ஆம் எண் 1,000 மடங்கும், 10-ஆம் எண் 7,200 மடங்கும் குறைக்கும். மேலே சொன்ன 1/100 நொடி, 8-ஆம் எண்ணில் 10 நொடியாகவும், 10-ஆம் எண்ணில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகவும் நீளும் என்று பொருள். மின்சார வெல்டிங்குக்கு 10, 11 ஆகிய எண்களே பெரும்பாலும் பயன்படுவதால் அவை எளிதில் கிடைக்கும். ஆனால் முதன்முதலாகத் தொடங்குகிறவருக்கு 8 அல்லது 9 போதும் என்பதே என் கருத்து. காத்திருக்கும் நேரம் குறைவாக இருந்தால்தான் ஒரே மாலையில் பலமுறை திருத்தித் திருத்தி எடுத்துப் பழக முடியும்.

வாங்கிய கண்ணாடியின் உண்மையான வலிமையை நீங்களே அளந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே எண் கொண்ட இரண்டு கண்ணாடிகள்கூடச் சற்று வேறுபடலாம். ஒளி மாறாத இடத்தில் அசையாத பொருள் ஒன்றைக் கண்ணாடி இல்லாமல் சரியான வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, அப்பெர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் மாற்றாமல், கண்ணாடியோடு அதே வெளிச்சம் வரும்வரை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் 1/60 நொடியும் பிறகு 30 நொடியும் தேவைப்பட்டிருந்தால், உங்கள் கண்ணாடி 1,800 மடங்கு ஒளியைக் குறைக்கிறது, அதாவது ஏறத்தாழ 11 ஸ்டாப் (ஒளி பாதியாகக் குறைவது ஒரு ஸ்டாப்). இந்த எண்ணை அதன் ஓரத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: நானும் வெல்டிங் கண்ணாடியில் முயன்றேன். படம் முழுவதும் பாசி படிந்ததுபோல் பச்சையாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெருமளவு முடியும், ஆனால் படம் எடுக்கும் முன்பே அதற்கான வேலை தொடங்கிவிட வேண்டும். வெள்ளைத் தாளை அதே வெயிலில் வைத்து, கண்ணாடி வழியாகவே படமெடுத்து, அதைக் கொண்டு கேமராவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிற அமைப்பு) அமையுங்கள். சில கேமராக்கள் இத்தனை அடர்ந்த பச்சையை ஏற்க மறுக்கும்; அப்போதும் அந்தத் தாளின் படத்தையும் மற்ற படங்களையும் ரா வடிவத்தில் (கேமரா பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) வைத்திருந்தால், பின்னர் கணினியில் அதையே அளவுகோலாகக் கொண்டு மற்ற படங்களைத் திருத்தலாம். ஜே.பி.ஜி.யில் மட்டும் எடுத்திருந்தால் மீட்பது மிகக் கடினம்.

பலர் கவனிக்கத் தவறுவது ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் ஒளி அளவை இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தை. பச்சைக் கண்ணாடி சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாகத் தடுப்பதால், மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதுகூட அந்த இரண்டு நிறங்களும் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கும். திருத்தும்போது அவற்றை உயர்த்தினால் நிழற்பகுதிகளில் புள்ளிகள் பொங்கி எழும். எனவே மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, பச்சை வலது விளிம்பில் முட்டி வெட்டுப்படாத அளவுக்கு எவ்வளவு ஒளி சேர்க்க முடியுமோ அவ்வளவு சேருங்கள்.

இவ்வளவு செய்தும் தோலின் நிறம், அந்திவானத்தின் சிவப்பு போன்றவை முழுமையாகத் திரும்புவதில்லை. அதனால் இந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுமாறு நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். வழுவழுப்பான நீர்ப்பரப்பில் கரும்பாறை ஒன்று நிற்கும் காட்சிக்கு நிறம் தேவையே இல்லை.

கேள்வி: கண்ணாடி செவ்வகம், லென்ஸோ வட்டம். லென்ஸுக்குச் சேதம் வராமல் எப்படிப் பொருத்துவது?

பதில்: வெல்டிங் கண்ணாடிகள் பொதுவாக 51 × 108 மி.மீ., 114 × 133 மி.மீ. என இரண்டு அளவுகளில் வரும். சிறியது சிறு லென்ஸுகளுக்கு மட்டுமே போதும். பழைய யு.வி. ஃபில்டர் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வெறும் வளையத்தை வெல்டிங் கண்ணாடியின் நடுவில் எபாக்சி பசையால் ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகு வழக்கமான ஃபில்டரைப்போல் லென்ஸில் திருகிக்கொள்வதே சிறந்த வழி. லென்ஸின் மீது நேரடியாக எதையும் ஒட்டக் கூடாது. ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுவதும் உண்டு; ஆனால் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும் லென்ஸில் அந்த இழுவிசை ஃபோகஸைக் கலைக்கும், மோட்டாரையும் வருத்தும். வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறு இடுக்கு இருந்தாலும் பின்னாலிருந்து ஒளி புகுந்து பிரதிபலிக்கும் என்பதால், கறுப்புத் துணியாலோ டேப்பாலோ அதை அடைத்துவிடுங்கள்.

கண்ணாடியைப் பொருத்திய பின் ஃபோகஸ் செய்ய முடியாது. முக்காலியில் கேமராவை நிறுத்தி, காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிய பிறகே கண்ணாடியைத் திருகுங்கள். டி.எஸ்.எல்.ஆர். கேமரா என்றால் வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளையை) மூடிவிடுங்கள், இல்லையேல் அந்த வழியே கசியும் ஒளி படத்தில் மங்கலான பட்டையாக விழும். பெரும்பாலான கேமராக்களில் 30 நொடிக்கு மேல் போக பல்ப் மோடும் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் அமைப்பு) ரிமோட்டும் வேண்டும். வெல்டிங் கண்ணாடி லென்ஸுக்காகத் தீட்டப்பட்டதல்ல. தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் அந்தக் குறை கூர்மையிழப்பாக உடனே தெரியும்.

கேள்வி: இரண்டு போலரைசர்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்.டி. ஃபில்டர் ஆகுமா?

பதில்: ஆகும். முன்னால் லீனியர் வகை, லென்ஸை ஒட்டிச் சர்க்குலர் வகை என்று வைத்து முன்னதைச் சுழற்றினால் வேண்டிய அளவுக்கு இருட்டைக் கூட்டலாம். எல்லை வரை சுழற்றினால் நீலமோ ஊதாவோ ஏறும் என்பதால் அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. முக்காலியை அசைக்காமல், ஒரே அமைப்பில், 1/4 நொடிப் படங்களை இடைவெளியின்றி நாற்பது எடுத்து, கணினியில் அவற்றின் சராசரியைக் கண்டால், ஏறத்தாழ 10 நொடிப் படத்தின் தோற்றம் கிடைக்கும், புள்ளிகளும் குறையும். வெயில் சாய்ந்த பிறகோ நிழலான ஓடையிலோ 1/4 நொடி எளிதில் கிடைத்துவிடும். படங்களுக்கிடையே இடைவெளி விழுந்தால் வேகமாக நகரும் மேகம் படிப்படியாகத் துண்டுபட்டுத் தெரியும். தண்ணீரில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை.