திரும்பி வரும் விமானம் மட்டும் ‘ஃபாஸ்ட் ஃபிளைட்’டா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக டிசம்பரில் நானும் மனைவியும் நியூஜெர்சி எடிசனுக்குப் போகிறோம். சென்னை, லண்டன், நியூயார்க் வழியாக டிக்கெட். லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்பும்போது 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. “வர்றது ஃபாஸ்ட் ஃபிளைட் சார், ஆளுக்கு நாலாயிரம் சேர்த்துக் கொடுங்க” என்கிறார் டிராவல்ஸ்காரர். அதே கடல்தானே, தூரம் எப்படிக் குறையும்?
– வாசகர் ஒருவர், காட்பாடி

பதில்: தூரம் குறையாது. லண்டன் ஹீத்ரூவிலிருந்து நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு, போனாலும் வந்தாலும், வான்வழியில் சுமார் 5,550 கிலோமீட்டர்தான். வித்தியாசம் காற்றில் இருக்கிறது. ஆடி மாதத்தில் ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு மேற்கே பார்த்து சைக்கிள் மிதித்திருந்தால் உங்களுக்கே தெரியும். திரும்பும்போது பெடலைத் தொடவே வேண்டாம். அட்லாண்டிக் மேலே, விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் என்கிற காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. நியூயார்க்குக்கு மேற்கே போகும்போது அது எதிர்க்காற்று, லண்டனுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். குளிர்காலத்தில் வேகம் இன்னும் அதிகம். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அந்தப் பயணிகளிடம் யாரும் காற்றுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை!

அதனால் அந்த நாலாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ‘எந்தக் கட்டணம் இது, டிக்கெட்டில் எந்த வரியில் வருகிறது’ என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

இன்னொன்று. டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். லண்டனில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு இறங்கினால் மூன்றே மணி நேரம் போலத் தெரியும். நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கியிருப்பதால் உண்மையில் எட்டு. திரும்பும்போது அதே ஐந்தைக் கழிக்க வேண்டும். இரவு 7 மணிக்கு ஏறி மறுநாள் காலை 7 மணிக்கு இறங்கினால் பயணம் ஏழு மணி நேரம்தான்.

காசு கூடக் கொடுப்பதானால் வேறு விஷயத்துக்குக் கொடுங்கள். லண்டனில் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். வயதானவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதாது, மூன்று இருந்தால் நிம்மதி. முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லண்டனில் பெட்டியை எடுத்து மறுபடி போடும்படி ஆகிவிட்டால் பிரிட்டன் விசா பிரச்சினையும் வரலாம்.

அப்புறம், மகள் இருப்பது எடிசன் என்றால் நியூயார்க்கில் ஏன் இறங்குகிறீர்கள்? நியூவார்க் விமான நிலையம் நியூஜெர்சியிலேயே இருக்கிறது, எடிசனுக்கு அதுதான் பக்கம். அங்கே போகும் டிக்கெட் என்ன விலை என்றும் கேட்டுப் பாருங்கள்.