112 நாளில் இரண்டாம் பாகம்: ‘வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ்’ கேள்வி பதில்

ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான ஸ்குவேர் எனிக்ஸின் ‘வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ்’ வரிசையில் முதல் கேம் ‘தி ஐல் டிராகன் ரோர்ஸ்’, 2021 அக்டோபர் 28-இல் வந்தது. அடுத்த கேம் ‘தி ஃபார்சேகன் மெய்டன்’, 2022 பிப்ரவரி 17-இல். இரண்டுக்கும் படைப்பு இயக்குநர் யோகோ டாரோ. இரண்டாவதற்குக் கிடைத்த விமர்சனங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: நாலு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள அடுத்தது. அவசரத்துல செஞ்சதுனாலதான் விமர்சனம் சுமாரா வந்துச்சா?

பதில்: அவசர வேலை என்றால் பிழைகள், பாதியில் அறுந்த கதை என்று தடயம் இருக்கும். இதில் அது இல்லை. விமர்சகர்களின் குறை வேறு: “போன கேமேதானே இது?”

அந்தக் குறை நியாயம்தான். ஊர், காடு, குகை, கடை எல்லாம் மேசையில் கவிழ்த்து வைத்த கார்டுகள். உங்கள் காய் நகர நகரச் சுற்றியுள்ள கார்டுகள் திரும்பும். எல்லார் வசனத்தையும் ஒரே கதைசொல்லிதான் பேசுவார். முதல் கேமுக்குப் பாராட்டு வாங்கித் தந்ததே இந்த அமைப்பு. அதையே 112 நாளில் மறுபடி பார்த்தால் வியப்பு எங்கிருந்து வரும்? இரண்டு வருடம் கழித்து வந்திருந்தால் “பழைய நண்பன்” என்று எழுதியிருப்பார்கள். என் கணக்கில் இங்கே குற்றவாளி காலண்டர்தான்.

கேள்வி: அப்போ புதுசா ஒண்ணுமே இல்லையா அண்ணா?

பதில்: இருக்கிறது, கண்ணில் படுவது குறைவு. தீவுக்குத் தீவு கப்பலில் போகலாம். தீவுகளைக் காக்கும் ‘மெய்டன்’ பெண்ணும் அவளுடைய காவல் துணையும் சேர்ந்து இயக்கும் இணைப்பு ஸ்கில்கள் (போரில் போடும் சிறப்புத் திறன்கள்) வந்திருக்கின்றன. பெரிய மாற்றம் கதையின் தொனி. முதல் கேம் கிண்டல் கலந்த சாகசம், இது சோகம். நாயகி லேட்டிக்குப் பேச்சு இல்லை. எல்லாரையும் ஒரே குரல் பேசும் கேமில் பேசாத ஒருத்தி! இந்த இடத்தில் அதிகம் நின்று எழுதாத விமர்சனங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கேள்வி: மெட்டாக்ரிட்டிக்ல மஞ்சள் கலர் வந்தா ஒதுக்கிடலாமா?

பதில்: கூடாது. மெட்டாக்ரிட்டிக் என்பது பல விமர்சனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் தளம். அங்கே கேம்களுக்கு 75-இலிருந்து பச்சை. 50 முதல் 74 வரை மஞ்சள். நான்கு விமர்சனம் சேர்ந்தாலே மதிப்பெண் வந்துவிடும். அதோடு ஸ்விட்ச், பிஎஸ்4, பிசி ஒவ்வொன்றுக்கும் தனி எண். சிறிய கேமுக்கு விமர்சனங்கள் இப்படிச் சிதறும்போது ஒருவரின் கோபமே நிறத்தை மாற்றும். ஒன்பது பேர் 76, ஒருவர் 50 கொடுத்தால் எளிய சராசரி 73.4, அதாவது மஞ்சள். பத்தில் ஒன்பது பேருக்குப் பிடித்த கேம் அது!

எண்ணை விட்டுவிட்டு இரண்டைத் தேடுங்கள்: எழுதியவர் முதல் கேமை எப்போது முடித்தார், போர் வேகம் பற்றி என்ன சொல்கிறார்.

கேள்வி: போர்தான் சார் தாங்கல. பத்தடி போறதுக்குள்ள மூணு சண்டை.

பதில்: இந்தக் கேமின் உண்மையான குறை இதுதான். எதிரி திடீரென வருவது ஒரு பக்கம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் கார்டு எழுந்து, மோதி, சில ஸ்கில்களுக்குப் பகடையும் உருண்டு முடிவது இன்னொரு பக்கம். முதல் கேமிலேயே சொல்லப்பட்ட புகார். அதைத் திருத்தாமல் வந்ததற்கு மட்டும் “அவசரம்” என்ற சொல்லை ஏற்றுக்கொள்வேன்.

வலியைக் குறைக்க, முதலில் செட்டிங்ஸில் வேக மோடைப் போடுங்கள். திரும்பிய கார்டு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கர்சரை வைத்து நேராகத் தாவலாம். ஒவ்வொரு கட்டமாக நடக்காதீர்கள். போரில் நம் ஆள் ஒருவரின் முறை வரும்போதெல்லாம் பொதுத் தட்டில் ஒரு ஜெம் (ஸ்கில் போடச் செலவாகும் கல்) விழும். சாதாரண அடிக்கு ஜெம் செலவில்லை. ஆகவே முதலில் முறை வருகிறவர்கள் சாதாரண அடி கொடுக்கட்டும். கடைசியில் வருகிறவர் சேர்ந்த ஜெம்களை வைத்து எதிரிகள் எல்லாரையும் தாக்கும் ஸ்கில்லைப் போடட்டும். சில்லறைச் சண்டையில் பகடை கேட்கும் ஸ்கில் வேண்டாம். அதற்கு நேரமும் போகும், பலனும் உறுதியில்லை.

கேள்வி: வந்த நேரமும் தப்போ?

பதில்: மறுநாள் ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’, எட்டாம் நாள் ‘எல்டன் ரிங்’, இரண்டும் பெரிய கேம்கள். வேறென்ன சொல்ல!

கேள்வி: முதல் கேம் ஆடாம இதை ஆரம்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. கதை தனி, ஆட்கள் தனி. சந்தேகம் இருந்தால் முதல் கேமின் இலவச டெமோவை ஆடுங்கள். அதன் சண்டை வேகம் ஒத்துவந்தால் இதுவும் ஒத்துவரும். இரண்டையும் அடுத்தடுத்து மட்டும் ஆடாதீர்கள். விமர்சகர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரும்.

கேள்வி: சீக்கிரம் வர்ற கார்டு கேம் தொடர்ச்சி எல்லாமே இப்படித்தானா?

பதில்: இல்லை. ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் நிண்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோலுக்காக ‘லாஸ்ட் கிங்டம்ஸ்’ கேமை 2002-லும் அதன் இரண்டாம் பாகத்தை 2003-லும் கொடுத்தது. இடைவெளி குறைவுதான், ஆனால் திடீர்ச் சண்டைகளைத் தூக்கிவிட்டு, நடக்கும் இடத்திலேயே போரை வைத்தார்கள். ‘வாய்ஸ் ஆஃப் கார்ட்ஸ்’ மூன்றாவது கேமான ‘தி பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்’ 208 நாள் கழித்து, 2022 செப்டம்பர் 13-இல் வந்தது. சண்டையில் வசப்படுத்திய மிருகங்களையே ஸ்கில் கார்டாகப் பயன்படுத்தும் வசதி அதில்தான் வந்தது. இரண்டாவதற்கு வேண்டியிருந்தது அப்படி ஒன்றுதான்.