புத்தர் பீடத்துக்குக் கீழே ஓர் அச்சு இயந்திரம்

கேள்வி: கொல்லாமையைச் சொன்ன பௌத்தம், ஜப்பானில் பேரரசரின் போர்களுக்கு எப்படித் துணை போனது? எதிர்த்தவர் யாருமே இல்லையா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதல் காரணம் பயம் என்றே நினைக்கிறேன். 1868-இல் வந்த பேரரசர் மெய்ஜியின் அரசு, ஜப்பானின் பூர்வீக மதமும் பேரரசரைத் தெய்வ வம்சமாகக் கருதுவதுமான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தது. அந்த வேகத்தில் எத்தனையோ புத்தக் கோயில்கள் இடிபட்டன, 'அந்நிய மதம்' என்ற பழியும் ஒட்டிக்கொண்டது, அதைத் துடைக்கத்தான் மடங்கள் போட்டி போட்டு ராஜ விசுவாசம் காட்டின. அப்புறம், ஷிண்டோ வழிபாடு மதமே அல்ல, குடிமகனின் கடமை என்று அரசு சொல்லிவிட்டதால் வேறு மதத்தவரும் தப்ப முடியவில்லை. 1891 ஜனவரியில், பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணையின் முன் சரியாகக் குனியவில்லை என்று உச்சிமுரா கான்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியருக்கு வேலையே போனது.

சரி, எதிர்த்தவர்? உச்சியாமா குடோவை அவசியம் சொல்ல வேண்டும். ஹாகோனே மலைப்பகுதியில் ஓர் ஏழைக் கோயிலின் ஜென் துறவி. புத்தர் பீடத்துக்கு அடியிலேயே அச்சு இயந்திரத்தை ஒளித்துவைத்து, குத்தகை விவசாயி ஏன் ஏழையாகவே இருக்கிறான், பேரரசர் ஒன்றும் தெய்வப் பிள்ளை அல்ல என்று 1908-இல் துண்டு நூல் அச்சிட்டு ரகசியமாக அனுப்பினார். மறு வருடம் கைது. 1911 ஜனவரி 24 அன்று தூக்கு. அதற்கு முன்பே, 1910-இல், அவருடைய சொந்த ஜென் பிரிவான சோட்டோவே அவரது துறவிப் பதவியைப் பறித்துவிட்டது, எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். 1993-இல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.