தீப்பெட்டி வரியைச் சுமந்தது யார்?

கேள்வி: என் மகள் பி.ஏ. பொருளாதாரம் முடிக்கப் போகிறாள். எம்.ஏ.வில் வரி, சமூகக் காப்பீடு, நலத்திட்டங்கள் என்று பொதுப் பொருளியல் படிக்க வேண்டுமாம். வரிதான் படிப்பென்றால் ஆடிட்டருக்கே படிக்கலாமே?
- மில் தொழிலாளி, கோவில்பட்டி

பதில்: கட்ட வேண்டிய வரியைக் கணக்குப் போடுபவர் ஆடிட்டர். கட்டிய பிறகு அந்தச் சுமை யார் தலையில் போய் இறங்குகிறது என்று துருவுவது உங்கள் மகள் கேட்கும் படிப்பு.

உங்கள் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2020 ஏப்ரலில் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் ஆக்கினார்கள். கடையிலோ பெட்டி அதே 1 ரூபாய். 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பரில்தான். நடுவில் கூடுதல் வரியைச் சுமந்தது யார்? மறு வருடம் வகுப்பில் கரும்பலகையில் தேவைக்கு ஒன்று, அளிப்புக்கு ஒன்று என இரண்டு கோடு இழுத்து, "விலையை ஏற்ற முடியாவிட்டால் உற்பத்தியாளர்" என்று முடித்துவிட்டேன். பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடைக்கிறாங்க சார். மூணு வருஷமா கூலி ஏறல. அதுவும் இந்தச் சுமையில சேருமா?" முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்குச் சட்டென்று வாய் வரவில்லை. சேரலாம், எவ்வளவு என்பதைக் கூலிப் பதிவேட்டைப் புரட்டித்தான் சொல்ல முடியும்.

நலத்திட்டத்திலும் இப்படித்தான். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வரம்பு போட்டால் தகுதியுள்ள சிலரும் விடுபட்டுப் போவார்கள். போடாவிட்டால் செலவு ஏறும். எது பெரிய தப்பு? நான் முதலாவதைத்தான் சொல்வேன். உங்கள் மகள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

சரி, வேலை? எம்.ஏ. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சி என்றால் சென்னை அடையாறில் எம்.ஐ.டி.எஸ். என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கணக்கையும் புள்ளியியலையும் இப்போதே தூசு தட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் சம்பளச் சீட்டை அவளிடம் கொடுங்கள். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு உங்களிடம் 113 ரூபாய் பிடித்திருப்பார்கள். மில் தன் பங்காக 488 ரூபாய் கட்டும். அந்த 488 முதலாளி பையிலிருந்து போகிறதா, உங்களுக்கு வந்திருக்க வேண்டிய சம்பள உயர்விலிருந்தா என்று அவளைக் கேளுங்கள். இதுவரை அந்தச் சீட்டை வீட்டில் காட்டியிருக்க மாட்டீர்கள், தெரியும்.